ரெண்டு ரோட்டுக்கும் ஒரு டயர்

பழவங்காடிப் பிள்ளையாருக்கு எந்தக் காலத்திலும் தேங்காய் உடையும். இருமல் மருந்து விற்கத்தான் இடவப்பாதி மழை வரவேண்டும். அந்த வருஷம் மழை நேரத்தோடு வந்து, போகிற நினைப்பே இல்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. கோயிலுக்கு எதிர்ச்சாரியில் இருந்த மருந்து மொத்தக்கடையில் தாணுவுக்கு நிமிர நேரமில்லை. பெட்டி உடைப்பதும், பாட்டில் அடுக்குவதும், வைக்கோலைக் கூட்டித் தள்ளுவதுமாக நின்றான். அப்போதுதான் பொன்முடி எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது.

போனை எடுத்தவன் தாணுவேதான். மறுமுனையில் எஸ்டேட் ஆபீசுக்குப் புதிதாக வந்திருந்த கிளார்க் ஜோய்க்குட்டி. கோட்டயத்துப் பக்கத்துப் பையன். தமிழ் பேச வராது; கேட்டால் அரைகுறையாகப் புரியும். மழையில் லைன் கரகரவென்று இரைந்தது.

"தாணுவல்லே? நிங்ஙளுடெ அம்மாயியச்சனு சுகமில்ல, கேட்டோ."

"எந்து பற்றி சாறே?"

"சுமயாணு. அம்மச்சி இவிடெ வந்நு பறஞ்ஞதா. நிங்ஙளெ ரெண்டு பேரெயும் காணணும். அவசரம்போலெ வந்நால் மதி."

மாமனாருக்கு உடம்பு சரியில்லை, இருமல்தான், மாமியார் ஆபீசுக்கு வந்து சொன்னாள், உங்கள் இரண்டுபேரையும் பார்க்கவேண்டுமாம், சௌகரியம்போல வந்தால் போதும். இவ்வளவுதான் சேதி. மேற்கொண்டு கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு, சௌகரியம். இரண்டு பாஷையிலும் புரண்டு வளர்ந்த தாணுவுக்கு அதை யாரும் விளக்கவேண்டியதில்லை. காதில் விழுந்ததைச் சரியாகத்தான் புரிந்துகொண்டான். சரியாகப் புரிந்துகொண்டதுதான் வினையாகப் போயிற்று.

தாணு நாஞ்சில் நாட்டுக்காரன். எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு மருந்து கொண்டுபோகிற வேலை அவனுடையது. முதலாளி ஓட்டிக் களைத்த ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் அவன் கைக்கு வந்திருந்தது. மருந்துப் பையோடு மலையேறிப் போன இடத்தில், கொழுந்துக் கூடையோடு நின்ற பூமாரியைப் பார்த்தான், கட்டிக்கொண்டான். அவளுடைய அப்பா உச்சிமாகாளி கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, தேயிலைக்குள்ளேயே தலைநரைத்தவர். மருமகன்மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை, போன வருஷம் ஓணத்துக்கு முந்தி வரைக்கும்.

ஓணத்துக்கு இரண்டுபேரும் மலைக்குப் போனார்கள். பூமாரிக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்த மாசம். எஸ்டேட் கேட்டைத் தாண்டி, கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போகிற சல்லிக்கல் ரோட்டில், ஒரு சின்னத் திருப்பத்தில் முன்சக்கரம் சறுக்கியது. வேகம்கூட இல்லை. தாணுவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பூமாரிக்குப் பிள்ளை போய்விட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசலில் வைத்து உச்சிமாகாளி மருமகனிடம் சொன்னது ஒரே வார்த்தை: "எம்புள்ளைய இனிமே அந்த வண்டியில ஏத்தாதிரும்." அதற்கப்புறம் அவனோடு பேச்சில்லை. மருந்துப் பையோடு போகும்போது எதிரே பட்டால், இருமிக்கொண்டே வரப்பு மாறிப் போய்விடுவார். ஆனால் மகள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், கீழே வருகிற ஜீப்பில் கொய்யாப்பழம் கொடுத்துவிட்டார். பூமாரி அப்பாவைப் பார்த்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

மணக்காட்டில் ஒற்றை அறையும் ஒரு சாய்ப்பும்தான் அவர்கள் வீடு. சாயங்காலம் தாணு போய்ச் சேர்ந்தபோது பூமாரி மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். சேதியைக் கேட்டதும் பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"எங்கம்மையா அப்படிச் சொன்னா? சௌகரியம்போல வாங்கன்னா?"

"கிளார்க்கு அப்படித்தான் பறஞ்சான்."

"எங்கம்ம வாயில அப்படி வார்த்தையே வராதுங்க. தண்ணி கேட்டாக்கூட, 'ஏட்டி, சட்டுன்னு கொண்டா'ம்பா."

"லைன்ல செரியா கேக்கல்ல. சும தான். மாமாவுக்கு இருமல் இல்லாத மாசம்னு ஒண்ணு உண்டா, நீயே சொல்லு?"

"இல்லதான்." பாத்திரத்தை ஓரமாகத் தள்ளிவைத்தாள். "காணணும்னு சொன்னாராமா? உங்களையுமா?"

"ரெண்டு பேரையும்னுதான் சொன்னான்."

 ஒரு வருஷமாகப் பேசாத மனுஷன் கூப்பிடுகிறார். இப்போது ஒழுங்காகப் போய் இறங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தாணுவுக்குப் பட்டது.

"அப்ப நாளைக்கே போவமா?" என்றாள் பூமாரி.

தாணு வெளியே பார்த்தான். சாய்ப்புக்குக் கீழே வண்டி சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றது. கல்லாற்றுக்கு மேலே மண் சரிந்து கிடந்ததால் பஸ் போகவில்லை. எஸ்டேட் ஜீப்பும் மோட்டார் சைக்கிளும்தான் போய்வந்தன; ஜீப் எப்போது கீழே வரும் என்று சொல்லமுடியாது. அவன் எழுந்துபோய்ப் பின்சக்கரத்தை உள்ளங்கையால் தடவிவிட்டு வந்தான்.

"டயர் மொட்டையாயிட்டு பூமாரி. இத வச்சிட்டு உன்னியக் கூட்டிட்டு அந்தச் சல்லியில போவதுக்கு எனக்குப் பேடியா இருக்கு."

பயத்துக்கு அந்த ஊர்த் தமிழர்கள் பேடி என்றுதான் சொல்வார்கள். பூமாரி தன் வயிற்றைப் பார்த்தாள். அவளுக்கும் பேடி இல்லாமலா இருக்கும்?

"செரி, மாத்திட்டே போவோம். ஆனா தள்ளிப் போட்டுராதீங்க."

அப்போதே சாலைக்கடைத் தெருவில் பிச்சைக்கனியின் டயர்க்கடைக்குப் போனான். தென்காசியிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக ரப்பர் வாசனையிலேயே சாப்பிட்டுத் தூங்குகிற முஸ்லிம் குடும்பம்; அண்ணன் முறையில் எல்லோரும் அவரைக் காக்கா என்பார்கள். வாசலில் லாரி டயர்கள் நனைந்துகொண்டிருக்க, பிச்சைக்கனி உள்ளே பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, ராஜ்தூத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் டயர் வேணும்."

"எந்த ரோட்டுல ஓட்டப்போற? அத மொதல்ல சொல்லு தம்பி. கால் தெரியாம செருப்பு விக்க மாட்டான் இந்தப் பிச்சைக்கனி."

"பொன்முடிக்கு. கல்லாறு வர தாரு. பொறவு வளைவு. கேட்டுக்கு உள்ள போனா சல்லி. கூட வீட்டுக்காரியும் உண்டு. மாசமா இருக்கா."

பிச்சைக்கனி டம்ளரைக் கீழே வைத்தார். போன வருஷத்துக் கதை அவருக்குத் தெரியும். கேலியை நிறுத்திவிட்டு, கம்பால் ஒரு டயரைக் கொக்கியிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது பட்டன் டயரு. கட்டை கட்டையா நிக்கி பாத்தியா? சல்லியக் கடிச்சுப் பிடிக்கும். சேத்துலயும் ஏறும்."

"அப்ப ரெண்டுலயும் இதையே போட்டா என்ன?"

"போடலாம். ஆனா இங்கேருந்து நெடுமங்காடு, விதுரன்னு தாருலதான பாதி வழி போற? மழையும் பெய்யுது. சட்டுன்னு பிரேக்கப் பிடிச்சா இது நிக்காது தம்பி. தரையில படுகது பாதி ரப்பர்தான். நடுவுல இருக்க காத்தா ரோட்டப் பிடிக்கும்? முன்னாடி இதப் போட்டு ஒருத்தன் பட்டம் பஸ் ஸ்டாப்புல போயிச் சொருவிட்டான்."

"கோட்டு டயரு?"

"இந்தா. நீளத்துக்குக் கோடு. தாருல நூல் பிடிச்சாப்புல போவும். சல்லியில..."

"அது எனக்குத் தெரியும் காக்கா," என்றான் தாணு. அன்றைக்கு முன்சக்கரத்தில் இருந்தது அதுதான்.

 தெருவில் கைவண்டி ஒன்று வெங்காய மூட்டைகளோடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

"பின்னாடி பட்டன் போட்டுரு," என்றார் பிச்சைக்கனி. "அதுல ரெண்டாமத்த பேச்சில்ல. பாரமும் அங்கதான், தள்ளிவிடுகதும் அதுதான். பின்சக்கரம் வழுக்குனா ஆட்டம் காட்டும், சமாளிச்சிரலாம். முன்சக்கரம் அப்படியில்ல. போச்சுன்னா சொல்லிக்கிட்டுப் போவாது. அதுக்குத்தான் ஆலோசிக்கணும்."

"நீங்களே சொல்லுங்க."

"நடுவாந்தரமா ஒண்ணு வருது. நடுவுல கோடு, ரெண்டு ஓரத்துலயும் கட்டை. தாருல அது ராசாவும் இல்ல, சல்லியில மந்திரியும் இல்ல. ஆனா ரெண்டு ரோட்டுலயும் பிடுத்தம் உண்டு, கைவிடாது. நம்ம பாஷ மாதிரின்னு வச்சுக்கோயேன்." அவருக்கே சிரிப்பு வந்தது. "தமிழன் நம்மளப் பாத்து மலையாளத்தாங்கான், மலையாளத்தான் நம்மளப் பாண்டிங்கான். ஆனா ரெண்டு எடத்துலயும் காரியம் நடந்துருதா இல்லியா?"

"அதையே எடுங்க காக்கா."

"கையில இல்ல. நாகர்கோயில் லாரியில வரணும். நாளைக்கு வந்துரும். இல்லேன்னா பட்டனையே முன்னாடியும் மாட்டிட்டு, தாருல பையப் பைய உருட்டிட்டுப் போ. ஒரு தடவைக்குத் தப்பு வராது." அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அவசரமா?"

"அவசரம் ஒண்ணும் இல்ல காக்கா. லாரி வரட்டும்."

லாரி மறுநாள் வரவில்லை. களியக்காவிளைப் பக்கம் மரம் விழுந்து ரோடு அடைத்துக் கிடப்பதாகச் சொன்னார்கள். தாணு கடையிலிருந்து இரண்டு தடவை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். பூமாரி சுக்கையும் சித்தரத்தையையும் இடித்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, பழைய பால்பவுடர் டின்னில் போட்டு மூடினாள். அப்பா இருமும்போது வாயில் ஒன்று அடக்கிக்கொள்வார். ராத்திரி சோறு போடும்போது கேட்டுவிட்டாள்.

"அந்தப் பட்டனையே போட்டுட்டுக் காலம்பற கெளம்பிருவமே?"

"நீ மிண்டாம இரி பூமாரி. ஒருமட்டம் பட்டது மதி. உங்கய்யா முன்னால போயி நிக்கும்போது எனக்கு நேரா நிக்கணும்."

பேசாதே என்று அவன் சொன்னதில் அவளுக்குக் கோபமில்லை. அவன் தன்மேல் வைத்திருக்கிற கவனம் அவளுக்குத் தெரியும். எத்தனை ஆம்பிளைகளுக்கு இந்தக் கவனம் இருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டாள். அவள்மேலும் குற்றம் சொல்வதற்கில்லை.

அதற்கு மறுநாள் சாயங்காலம் லாரி வந்தது. பிச்சைக்கனியே குந்தியிருந்து நெம்புகோலால் பழைய டயர்களைக் கழற்றி, புதியவற்றை மாட்டி, காற்றும் பிடித்துக் கொடுத்தார். புது ரப்பரில் மயிர் மயிராகப் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது.

"உடனே மலைக்குக் கொண்டுபோயிறாத," என்றார். "புது டயரு மேல ஒரு மினுக்கு உண்டு. அது தேயுத வரைக்கும் வளைவுல சாய்ச்சேன்னா வழுக்கும். கொஞ்சம் ஓட்டி எடுத்துக்க. கேட்டுக்குள்ள போவும்போது ரெண்டு சக்கரத்துலயும் கொஞ்சம் காத்த எறக்கிவிடு."

தாணு சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். காலையில் வெளுக்க ஆரம்பித்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு சங்குமுகத்துக்குப் போனான். கடற்கரை ரோட்டில் ஆள் இல்லை; மழையும் ஓய்ந்திருந்தது. முன்னும் பின்னுமாக ஓட்டினான், இடமும் வலமுமாக மெல்லச் சாய்த்துப் பார்த்தான். பின்சக்கரம் தாரில் ஒரு சீரான இரைச்சலோடு வந்தது. இறங்கிக் குந்திப் பார்த்தபோது மினுக்கு போய், டயர் மங்கலாகச் சொரசொரப்பாகியிருந்தது. மாமனாரை வெளியே கூப்பிட்டு இதைக் கைவைத்துப் பார்க்கச் சொல்லவேண்டும் என்று நினைத்தான். கடலைப் பார்த்து ஒரு பீடி குடித்தான். ரொம்ப நாளைக்கப்புறம் மனசு லேசாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, பூமாரியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். நெடுமங்காட்டில் புட்டும் பயறும் சாப்பிட்டார்கள். அவளுக்குப் பசி நன்றாக இருந்தது; ஒரு பழம்பொரி கேட்டு வாங்கித் தின்றாள். விதுரை தாண்டியதும் மழை தூற ஆரம்பித்தது. கல்லாற்றுக்கு மேலே மண் சரிந்த இடத்தில், தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு பெண்கள் கல் சுமந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பூமாரியின் வயிற்றைப் பார்த்து, "பையெப் போணே மக்களே," என்றாள். வளைவுகளில் தாணு சைக்கிள்காரனைவிட மெதுவாக ஏறினான். மேலே போகப் போக மூடுபனி ரோட்டை மறைத்தது. பூமாரி ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மறு கை டின்னை அணைத்திருந்தது.

எஸ்டேட் கேட்டில் நிறுத்திக் காற்றைக் கொஞ்சம் இறக்கினான். அப்புறம் சல்லி. போன வருஷம் விழுந்த திருப்பம் வந்தபோது பின்னால் பூமாரியின் மூச்சு நின்றது அவனுக்குத் தெரிந்தது. முன்சக்கரம் கல்லைக் கரகரவென்று அரைத்துக்கொண்டு, கோடு போட்டதுபோல் திரும்பியது. ஒரு கல் தெறிக்கவில்லை. ஹேண்டில் ஆடவில்லை.

"பாத்தியா பிடுத்தம்!" என்று மழையில் கத்தினான் தாணு.

"ஆமாங்க! ஒண்ணுமே தெரியல்ல!" என்று பூமாரி சிரித்தாள். அந்தத் திருப்பத்தில் அவள் சிரித்ததற்காகவே இரண்டு நாள் காத்திருந்தது தகும் என்று அவனுக்குத் தோன்றியது.

அடுத்த மேட்டில் லயம் தெரிந்தது. வேலை நேரம், கொழுந்துக்குப் போயிருக்கவேண்டிய பெண்கள் வாசலில் குடையோடு நின்றிருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லா முகமும் ஒருசேரத் திரும்பியது. தாணு எஞ்சினை நிறுத்துமுன்பே பூமாரி இறங்கிவிட்டாள்.

உச்சிமாகாளியைப் பெஞ்சில் கிடத்தி, நெற்றியில் நீறு பூசியிருந்தது. தலைமாட்டில் இருந்த அவள் அம்மா நாச்சியார் மகளைப் பார்த்ததும் அலறினாள்.

"வந்துட்டியாட்டி? விடிய நேரத்துலதான்ட்டி போனாரு! ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்னா, எம்புள்ள வரட்டும்னு சொல்லிட்டாரே. வண்டிச் சத்தத்துக்கே காத வச்சிக்கிட்டுக் கெடந்தாரே. கீழ ஜீப்பு போனாலும், பூமாரியா, மருமவனான்னு கேட்டாரே!" பிறகு தாணுவைப் பார்த்தாள். "அவசரமா வரச் சொன்னேனே மருமவனே! ஆபீசுக்குப் போயி, அவசரம், அவசரம்னு அடிச்சுச் சொன்னேனே. மறுநாளும் போயிக் கேட்டேன். பறஞ்ஞிட்டுண்டு, பறஞ்ஞிட்டுண்டுன்னான் அந்தப் பையன், சொல்லியாச்சாம்!"

தாணு நின்ற இடத்திலேயே நின்றான். அத்தை தமிழில் சொன்ன அவசரத்தை அந்தப் பையன் மலையாளத்தில் கேட்டிருக்கிறான். மலையாளத்தில் வந்ததைத் தான் மலையாளமாகவே எடுத்துக்கொண்டான். யாரும் பொய் சொல்லவில்லை. பட்டன் டயரை மாட்டிக்கொண்டு மறுநாளே உருட்டியிருந்தால் மனுஷன் உயிரோடு இருந்திருப்பார், பேசியிருப்பார். உயிர் போகிற நேரத்தில் தான் சங்குமுகத்தில் டயருக்கு மினுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தோம் என்பது நினைவுக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டான். பூமாரி அழவில்லை. அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். டின் அவள் மடியில் இருந்தது.

கொஞ்சநேரத்தில் ஜோய்க்குட்டி வந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். செருப்பை மழையில் கழற்றிவிட்டு, குடையை மடக்கி, தலையைக் குனிந்து வாசலில் நின்றான். அவனைக் கண்டதும் நாச்சியாருக்கு ஆங்காரம் வந்தது. "அவசரம்னு சொன்னேனேய்யா! அவசரம்னு சொன்னேனே!" என்று அவனை நோக்கிக் கையை நீட்டி மாரில் அடித்துக்கொண்டாள்.

பையன் மிரண்டுபோய், அம்மச்சி என்ன சொல்கிறாள், தன்னிடமா என்று தாணுவைக் கேட்டான். "அம்மச்சி எந்தா ஈ பறயுந்நது? அவசரம் என்னு எந்தோ... எந்நோடாணோ?"

தாணுவுக்கு ரத்தம் தலைக்கேறியது. யார்மேலாவது இதை இறக்கிவைத்தால்தான் தன்னால் நிற்கமுடியும் என்றிருந்தது. நீ என்ன காரியம் செய்தாய் தெரியுமா என்று கேட்பதற்கு வாயைத் திறந்துவிட்டான். அதற்குள் பூமாரியின் குரல் கேட்டது. வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். சுத்தமான மலையாளத்தில் பேசினாள்.

"ஒந்நுமில்ல சாறே. காணான் அவசரம் கிட்டியில்ல என்னு பறஞ்ஞு கரயுகயாணு."

பார்க்க வாய்ப்புக் கிடைக்கவில்லையே என்று அழுகிறாள், அவ்வளவுதான். மலையாளத்தில் அதில் ஒரு பிழையும் இல்லை. ஜோய்க்குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்," என்றான். நாச்சியாருக்கு முன்னால் வந்து கைகூப்பிவிட்டு, குடையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். நாச்சியாருக்கு அவர்கள் பேசியது விளங்கவில்லை. பூமாரி அம்மாவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மழை விட்ட ஒரு இடைவெளியில் தேயிலைக்கு மேலே இருந்த சரிவில் உச்சிமாகாளியை அடக்கம் செய்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி வரக்கூடாது என்று பூமாரியை லயத்திலேயே நிறுத்திவிட்டார்கள். குழிக்கு மண் தள்ளிவிட்டு வந்த தாணு, குளித்த ஈரத்தோடு வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். எல்லோரும் உள்ளே கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். முன்டயரின் ஓரத்தில் தேயாத பிசிறுகள் இன்னும் நின்றன. கட்டைகளுக்கு நடுவே அந்த ரோட்டுச் சல்லி சிக்கியிருந்தது. ஒவ்வொன்றாக விரலால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தான்.

பூமாரி ஒரு டம்ளரில் சாயா கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். டின்னைத் திறந்து சுக்குருண்டை ஒன்றும் கொடுத்தாள். அவன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் டயரையே பார்த்தான். அவளும் கொஞ்சநேரம் டயரைப் பார்த்தாள்.

"நல்ல டயருதாங்க," என்றாள். "ஒரு எடத்துலயும் வழுக்கல்ல."

சொல்லிவிட்டு, ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதை அவள் குத்தலாகச் சொல்லியிருந்தால் தாணு தாங்கிக்கொண்டிருப்பான்.